பதினோரு நாள் அழுகை

எங்கள் லைன் வீட்டில் முதன்முதலாக அமுங்கியது அன்னத்தாயக்காவின் இரும்புக் கட்டில்தான். திருப்பூரில் ஒன்பது அறை, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், ஒரு துவைகல் என்று ஒரே நேராகக் கட்டிவிட்ட வீடு அது. ஓர் அறையில் ஒருத்தர் காலை நீட்டினால் இன்னொருத்தர் காலை மடக்க வேண்டும். அதனால் கட்டிலை விற்றுவிடலாம் என்று அக்கா அதைப் போனில் படம் பிடித்து, தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ரெஜினா அக்காவிடம் கொண்டுபோய், வாங்குகிற ஆளுக்கு மெயிலில் அனுப்பச் சொன்னாள். படம் பெருசு, போகாது என்று ரெஜினா அக்கா, பனியன் கம்பெனி டிசைன்களை தினமும் எப்படி அமுக்கி அனுப்புவாளோ அப்படியே அதையும் அமுக்கிச் சின்ன ஃபைலாக்கி அனுப்பிவைத்தாள். அன்னத்தாயக்கா வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் கட்டில் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம் கிடந்தது.

அக்கா முதலில் அந்த இடத்தைக் கூட்டினாள். நாலு வருஷமாகக் கூட்டாத இடம். இரண்டு கரண்டியும் ஒரு கொலுசுத் திருகும் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ரெஜினா அக்காவிடம் போனாள்.

"கட்டிலை என்னடி செஞ்ச?"

"ஜிப் பண்ணேன்க்கா. எப்பவும் பண்றதுதான்."

"இது திரும்ப விரியுமா?"

"பாஸ்வேர்டு போட்டுத் தர்றேன். விரலால பூட்டு, வாயால திற. பொட்டலத்துக்குப் பக்கத்துல அந்த வார்த்தையைச் சொன்னா விரியும்."

அப்படியே விரிந்தது. அன்னத்தாயக்கா கட்டிலை விற்கவில்லை. ராத்திரி விரித்துப் படுத்தாள், விடிந்ததும் ரெஜினா அக்காவிடம் சொல்லி அமுக்கி விளக்கு மாடத்தில் வைத்தாள். இதைப் பார்த்து ஆறாம் நம்பர் அறையில் பீரோ அமுங்கியது, மூன்றாம் நம்பரில் கிரைண்டர் அமுங்கியது, பொங்கப் பானையும் சைக்கிளும் உடைந்த தொட்டிலும் கல்யாண ஆல்பமும் அமுங்கின. ரெஜினா அக்கா கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட சாமானைப் படம் பிடித்து வருகிறவர்கள் அதிகமானார்கள். எங்க மாமியாரைப் படம் பிடிச்சுத் தரட்டுமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஆளை அமுக்க மாட்டேன், சாமான் மட்டும்தான்" என்று ரெஜினா அக்கா கையால் எழுதி சுவரில் ஒட்டியே வைத்துவிட்டாள். எங்கள் லைனில் முதல் தடவையாக மனுஷர்கள் காலை நீட்டிப் படுத்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. காலை நீட்டிப் படுத்தவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு தப்பு மட்டும் நடந்தது. நாங்கள் எல்லாரும் சாத்தூர்ப் பக்கம். பூட்டுக்கு ஒரு வார்த்தை போடு என்றால் ஒன்பது அறையில் ஏழு அறைக்காரர்களும் யோசிக்காமல் எங்கள் பக்கத்து மாரியம்மனான இருக்கங்குடித் தாயையே போட்டிருந்தோம். ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னத்தாயக்கா குழாயடியில் குடத்தைக் கால்மேல் போட்டுக்கொண்டு "இருக்கங்குடித் தாயே!" என்று கத்தினாள். ஏழு அறையிலும் ஒரே நேரத்தில் எல்லாம் விரிந்தன. பீரோ கதவை அடைத்துக்கொண்டது, கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, மூன்றாம் நம்பரில் தூங்கிக்கொண்டிருந்த ஆளைச் சைக்கிளுக்கும் கிரைண்டருக்கும் நடுவிலிருந்து உருவி எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே ரெஜினா அக்கா புதுச் சட்டம் போட்டாள். பூட்டுகிறவர்கள் மைக்கில் குரலைக் கொடுக்க வேண்டும், இனிமேல் பூட்டினவர் குரலுக்குத்தான் திறக்கும். "அது மட்டும் பத்தாது. தவறிக்கூட உங்க வாயில வராத வார்த்தையா பார்த்துப் போடுங்க. கால்ல குடம் விழுந்தாலும் வரக்கூடாது" என்றாள்.

இதுவரைக்கும் ஊர் கதை. இனிமேல் என் கதை.

என் பெயர் பேச்சியம்மாள். அப்போது என் மகள் செவ்வந்திக்கு ஏழு மாதம். வீட்டில் இருந்தபடியே பனியனுக்குப் பிசிறு வெட்டுவேன். பாப்பா அப்பா டெய்லர். செவ்வந்தி பகலெல்லாம் அழுதாள். பசித்தால் அழுதாள், பசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டதே என்று அழுதாள். எங்கள் லைனில் பாதிப் பேர் ராத்திரி வேலைக்காரர்கள், பகலில்தான் அவர்களுக்குத் தூக்கம். அடுத்த அறை ஜெயக்கொடி அண்ணன் சாயப்பட்டறையில் விடிய விடிய நின்றுவிட்டு வந்து, பனியன் வேஸ்ட்டை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு படுப்பார். ஒரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாடியில் இருக்கும் ஓனரம்மா சொல்லிவிட்டார்.

"ஏங் கண்ணு, உன்ற புள்ள உன்ற வீட்டுல அழுகலை, என்ற தலைக்குள்ள அழுகுது. ராத்திரி வேலைக்காரங்க தூங்க வேண்டாமா? மாசம் முடியறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கோ."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக நடந்தோம். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கைக்குழந்தை இருக்குதா? என் இடுப்பைப் பார்த்துவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மாதம் முடிய எட்டு நாள் இருந்தபோது நான் ரெஜினா அக்கா கடை வாசலில் போய் நின்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பதினாறு பேர் போன பிறகுதான் அக்கா என்னைப் பார்த்தாள்.

"பேரு பேச்சியம்மா. வாயைத் திறந்தா காத்துதான் வருது. என்ன வேணும், சொல்லு."

நான் போனை நீட்டினேன். செவ்வந்தி அழுததை அதில் பிடித்து வைத்திருந்தேன், நாற்பது விநாடி. அக்கா அதைக் கேட்டாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழுகை ஆளு இல்லதான். ஆனா சாமானும் இல்லையேம்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"சரி, அமுக்கறேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. அமுக்கறதுன்னா அழிக்கறது இல்ல. ஒரு பொட்டு குறையாம அத்தனையும் உள்ளயே இருக்கும். என்னிக்கா இருந்தாலும் நீதான் விரிச்சாகணும். வார்த்தையை நீயே போடு, நான் பார்க்கலை."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீபோர்டு சாவிகளில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. தவறிக்கூட என் வாயில் வராத வார்த்தை எது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாப்பா அப்பாவின் பெயர்தான். எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது, அந்த வலியிலும் ரேஷன் கார்டைத்தான் எடுத்து நீட்டினேன். தடுப்பூசி அட்டைக்கு அன்னத்தாயக்காதான் சொன்னாள். ஊரே தினமும் கூப்பிடுகிற பெயர், என் குரலில் மட்டும் வராத பெயர். அதைவிட நல்ல பூட்டு உண்டா? ஒரு விரலால் தேடித்தேடி அடித்தேன். அடிக்கும்போதே காது சூடாகிவிட்டது. பிறகு மைக்கில் குரல் கொடுக்கச் சொன்னாள். "ம்" என்றேன். போதும் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பாயில் செவ்வந்தி பக்கத்தில் கடுகு மாதிரி ஒன்று கிடந்தது. அதைத் துணியில் முடிந்து அவள் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் அழவில்லை.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல! ஜெயக்கொடி அண்ணன் காதிலிருந்து வேஸ்ட்டை எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி தூங்கின மாதிரி தூங்கினேன் தங்கச்சி என்று பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். ஓனரம்மா பச்சைப்பயறு கடைந்து ஒரு கிண்ணம் கீழே கொடுத்துவிட்டார், வேறு இடம் பார்க்கும் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஒரு நாளைக்கு நாலு கட்டு பனியன் கூடுதலாகப் பிசிறு வெட்டினேன். பாப்பா அப்பா மட்டும் வேலை முடிந்து வந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன, ஐயாவைப் பார்த்து ஒரு சத்தமும் காணோம்?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கத்திரியைப் பார்ப்பேன்.

ஆனால் பொட்டலம் பருத்துக்கொண்டே வந்தது. கடுகாக இருந்தது மிளகானது, மிளகு சுண்டைக்காயானது, பத்தாம் நாள் பெரிய புளியங்கொட்டை அளவுக்கு வந்து, தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. அவள் அழாமல் இருக்கவில்லை. அழுததெல்லாம் நேராக அதற்குள் போய்க்கொண்டிருந்தது. பசிக்கும்போது வாயை நன்றாகத் திறப்பாள், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. நான் பிசிறு வெட்டக் குனிந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்கும்போது அவள் தன் கையையே சப்பிக்கொண்டிருப்பாள். எத்தனை தடவை நிமிராமல் இருந்தேனோ.

பதினோராம் நாள் புதன்கிழமை. காலையில் பால் குடிக்கவில்லை. உடம்பு தோசைக்கல்லாகச் சுட்டது. நல்ல வேளை, புதன்கிழமை எங்கள் சந்துக்குத் தடுப்பூசி போட நர்சம்மா வருகிற நாள். குழாயடியில் துவைகல்லில் உட்கார்ந்துதான் ஊசி போடுவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்சம்மா காய்ச்சல் பார்த்தார், மருந்து கொடுத்தார், வயிற்றை அழுத்தினார், கழுத்தைத் திருப்பினார், காதைத் தொட்டார், முதுகைத் தட்டினார். செவ்வந்தி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னம்மா, எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கறா? எங்க வலிக்குதுன்னு அவ அழுதாத்தானே எனக்குத் தெரியும். அழுகைதாம்மா இந்த வயசுல பேச்சு. இந்தப் பிள்ளை பேச்சு எங்க போச்சு?"

நான் அரைஞாண் கயிற்றிலிருந்த முடிச்சைக் காட்டினேன்.

குழாயடியில் நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. அன்னத்தாயக்கா மட்டும் "அடிப் பாவி மகளே, இப்படியாடி எங்களைத் தூங்க வச்ச?" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ரெஜினா அக்காவைக் கூட்டிவர ஓடினாள். அக்கா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பதினோரு நாள் அழுகை உள்ள நிக்குது. ஒரேயடியா விரிச்சா பிஞ்சுத் தொண்டை தாங்காது."

"அப்ப என்னம்மா செய்யறது?" என்று கேட்டது ஜெயக்கொடி அண்ணன். தூக்கத்திலிருந்து எழுந்து கைலியோடு வந்து நின்றார்.

"பெரிய ஃபைலை ஒரே மூச்சில அனுப்ப முடியலைன்னா பங்கு பங்கா பிரிச்சு அனுப்புவோம். ஒரு நாள் அழுகைக்கு ஒண்ணா பதினோரு பங்கு வைக்கறேன். இன்னைய அழுகை பிள்ளைக்கு. மீதி பத்துக்குக் கை வேணும். கட்டில்னா கிடக்கிற இடத்துல விரியும். அழுகை, அதைக் கையில வச்சிருக்கிற ஆளுக்குள்ளதான் விரியும். யார் யார் வாங்கிக்கறீங்க?"

ஒருத்தரும் யோசிக்கவில்லை. அறைக்கு ஒருத்தராக எட்டுக் கை நீண்டன. ஒன்பதாவது என் கை. ரெஜினா அக்கா ஏதோ தட்டினாள். பொட்டலம் பதினோரு குட்டி மணிகளாக உதிர்ந்தது. செவ்வந்தி கையில் ஒன்று, எங்கள் கையில் ஒவ்வொன்று. நர்சம்மா கையும் ரெஜினா அக்கா கையும் வேலையில் இருந்ததால், வாங்க ஆள் இல்லாத கடைசி மணி துவைகல்லின் மேலேயே கிடந்தது.

"சரி, வார்த்தையைச் சொல்லு. உன் குரலுக்குத்தான் திறக்கும்."

நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, வாய் வரவில்லை. எட்டு அறைக்காரர்கள், நர்சம்மா, ரெஜினா அக்கா எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். என் மடியில் என் பிள்ளை சத்தமில்லாமல் கதறுகிறாள்.

"மறந்துட்டியாடி?" என்றாள் அன்னத்தாயக்கா.

இல்லை என்று தலையாட்டினேன்.

"கெட்ட வார்த்தையா? பரவாயில்ல சொல்லு, நாங்க கேட்காததா?"

உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மணிகள் அசையவில்லை. கொஞ்சம் காற்று சேர்த்துச் சொன்னேன். ஜெயக்கொடி அண்ணன் கையில் இருந்தது லேசாக உருண்டு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓனரம்மா மாடிப்படியில் இறங்கி வந்தார். "இதென்ன காலங்காத்தால கூட்டம்? ஊசி போடறதுக்கு இத்தனை பேரா? அட, இதென்னது கல்லு மேல கெடக்குது?" என்று கடைசி மணியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். வேண்டாம் என்று ரெஜினா அக்கா கை நீட்டுவதற்குள் என் மகளுக்குக் கண் செருகியது.

நான் கத்தினேன்.

"வெயிலுமுத்து!"

பிறந்து இருபத்துமூன்று வருஷத்தில் அவ்வளவு சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. குழாயடிச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. கேட் பக்கத்திலிருந்து, "இந்தா வந்துட்டேன்!" என்று ஒரு பதிலும் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ போன் செய்து, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஓடிவந்த பாப்பா அப்பா கேட்டில் கை வைத்தபடி நின்றிருந்தார். கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் கேட்டைத் திறக்க மறந்துவிட்டார்.

செவ்வந்தி அழுதாள். வீல் என்று, மூச்சுப் பிடித்து, கால் உதைத்து அழுதாள். நர்சம்மா சட்டென்று வயிற்றைத் தொட்டார், அதே அழுகை. கழுத்தைத் தொட்டார், அதே அழுகை. இடது காதைத் தொட்டதும் அழுகை இரண்டு மடங்காக எகிறியது. "காதுதான்! காதுக்குள்ள சீழ் வச்சிருக்கு. இனிமே கவலையில்ல, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன், உடனே போங்க" என்றார். அவர் சொன்னதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஜெயக்கொடி அண்ணன் அந்தப் பெரிய மீசையோடு தரையில் உட்கார்ந்து, கீழுதட்டைப் பிதுக்கி, பால் கேட்கிற அழுகையை அழுதார். அன்னத்தாயக்கா தூக்கம் வந்தும் தூங்க முடியாத அழுகையை அழுதாள், கண்ணைக் கசக்கிக் கசக்கி. ஆறாம் நம்பர்க்காரர் ஈரத்துணி அழுகை. மூன்றாம் நம்பர்க்காரர் எறும்பு கடித்த அழுகை. எனக்கு வந்தது, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை என்கிற அழுகை. அது ஐந்தாம் நாள். எனக்குத் தெரியும். அது எனக்கு வந்ததுதான் சரி.

ஓனரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். என்ன வந்தது என்று தெரியாமலேயே அழுதார். அவர் புருஷன் போனபோதுகூடச் சொந்தக்காரர்களுக்குக் காபி போட்டுக்கொண்டு நின்றவர் என்று லைனில் சொல்வார்கள். அவர் கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தோம். எல்லாருக்கும் அடங்கிய பிறகும் அவருக்குக் கொஞ்ச நேரம் விக்கல் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துவைகல்லைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதா கண்ணு?"

இல்லை என்று ரெஜினா அக்கா சொன்னாள். ஓனரம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாப்பா அப்பா அதற்குள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதித் தூரம் போனதும், "நல்லாத்தான் கூப்பிடுற" என்றார். நான் வெளியே பார்த்தேன். அந்தப் பெயரை நான் அப்புறம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்தால் சொல்லுவேன், அது எனக்குத் தெரிந்துவிட்டது.

காது சரியாகிவிட்டது. அந்த மாதமும் முடிந்து, அடுத்த மாதமும் முடிந்து, இந்த மார்கழியோடு செவ்வந்திக்கு ஒரு வயசு. நாங்கள் அதே அறையில்தான் இருக்கிறோம். கட்டிலும் பீரோவும் இன்னும் பகலில் அமுங்குகின்றன, ராத்திரி விரிகின்றன. ரெஜினா அக்கா சுவர்க் காகிதத்தில் சாமான் மட்டும்தான் என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: அழுகை கிடையாது.

செவ்வந்தி இப்போதும் பகலில் அழுகிறாள். ஜெயக்கொடி அண்ணன் காதில் வேஸ்ட்டைத் திணித்துக்கொண்டுதான் தூங்குகிறார். ஆனால் நான் பிசிறு வெட்டக் குனிந்திருக்கும்போது அவள் அழுதால், நான் நிமிர்வதற்கு முன்னாலேயே லைனில் யாராவது ஒருத்தர் அது என்ன அழுகை என்று சொல்லிவிடுகிறார்கள். சும்மா சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு நாள் அழுது பார்த்தவர்கள். ஈரத்துணி என்றால் ஆறாம் நம்பரிலிருந்து குரல் வரும். தூக்கம் என்றால் அன்னத்தாயக்கா வந்து தூக்கிக்கொண்டு போவாள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன திருப்பிச் செய்யப்போகிறேன்?

இன்றைக்குக் காலையிலும் அழுதாள். கையில் கத்திரியோடு நான் என்னவென்று யோசிப்பதற்குள் மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ பேச்சீ! அது என்ற அழுகை கண்ணு! அவளுக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா தூக்கி வச்சுக்கோ!"